வெந்நீர்த் தொட்டியின் பிணிகள்

நாடி பார்க்காது மருந்து கொடுக்கும் வைத்தியனை நாம் நம்புவதில்லை. ஆனால் வீட்டுப் பொறியொன்று பழுதுற்றால், காரணம் அறியுமுன்னரே கைக்கு வந்ததைச் செய்கின்றோம். கனடாவில் என் மகள் வீட்டு முற்றத்திலுள்ள வெந்நீர்த் தொட்டியை இரண்டு மாரிகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சில கூறுவேன். முழங்கால் வாதத்துக்கு அத்தொட்டி தரும் இதம் பெரிது. அதற்கும் பிணிகள் உள.

முதலாவது, நீர் கலங்குதல். உடனே குளோரீனை அள்ளியிடுதல் முறையன்று, முதலில் பீ.எச். பெறுமானத்தைச் சோதித்தல் வேண்டும். குமிழிகள் எழுந்தோறும் நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு வெளியேற, அப்பெறுமானம் நாளடைவில் ஏறிவிடும். அது 7.5 ஆக இருக்கையில் குளோரீனில் ஏறத்தாழப் பாதி கிருமி கொல்லும் வடிவில் நிற்கும், 8.5 ஆனாலோ பத்தில் ஒரு பங்கே அவ்வாறு நிற்கும். ஆகவே அதனை 7.2க்கும் 7.8க்கும் இடையிற் கொணர்ந்து, பின்னர் குளோரீனை மில்லியனுக்கு 3 பங்கிற் குறையாது பேணுக.

மூக்கைத் துளைக்கும் மணத்தைத் தூய்மையின் அடையாளமென மயங்குவோர் பலர். உண்மை மறுதலையானது. வியர்வை முதலிய அழுக்குகளோடு கூடிய குளோரீன் குளோரமீனாகின்றது, அம்மணம் அதனுடையது. குளோரீன் போதவில்லை என்பதே அதன் பொருள். மூடியைத் திறந்துவைத்து, ஒருமுறை மிகையாகக் குளோரீனிட்டு, பம்பியை ஓடவிடுதல் வேண்டும். அளவு தணியும்வரை எவரும் இறங்கலாகாது.

நுரை பொங்கின் சவர்க்காரமும் எண்ணெயுமே காரணம். உடல் கழுவியபின் இறங்குவதே மருந்து. வெப்பமாக்கி நின்றுவிடின், முதலில் நீர்மட்டத்தை நோக்குக. பின் வடிகட்டியைக் கழற்றிச் சிறிது நேரம் ஓடவிடுக; அப்போது இயங்கினால், அடைபட்ட வடிகட்டியே குற்றவாளி. புதுநீர் நிரப்பியபின் பம்பி இரைந்தும் நீர் ஓடாதாயின், குழாயிற் காற்றுச் சிக்கியுள்ளது. மின்னோட்டத்தை நிறுத்தி, பம்பியின் இணைப்பைச் சற்றே தளர்த்தின் காற்று சீறி வெளியேறும். நீர் கசியத் தொடங்கியதும் இறுக்குக. மின் தானே அடிக்கடி துண்டிக்கப்படின், தொடாது மின்வினைஞரை அழைத்தலே அறிவுடைமை.

இவையனைத்தும் வெறும் வசதி பற்றிய பேச்சல்ல. 1999ஆம் ஆண்டு நெதர்லாந்திலே, போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் நடந்த மலர்க்காட்சியில் இத்தகைய தொட்டியொன்று பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் வெந்நீரிற் பெருகிய லீஜியோனெல்லா என்னும் பற்றீரியா, குமிழி உடைந்தெழுந்த நுண்திவலைகளோடு காற்றிற் கலந்தது. குறைந்தது 32 பேர் மாண்டனர். அவர்கள் நீராடியவர்களல்லர், காட்சி காணச் சென்று அக்காற்றைச் சுவாசித்தவர்கள்.

அப்பற்றீரியா குழாய்களின் உட்பாசியில் ஒதுங்கி வாழ்வது. மேல்நீரின் தெளிவைக் கண்டு ஏமாறலாகாது. யாழ்ப்பாணத்திலே கிணற்றை இறைத்துச் சேறு வாரியவர்கள் நாம். அதே முறையில் மூன்று நான்கு மாதங்களுக்கொருமுறை குழாய்களைக் கழுவி, தொட்டியை முற்றாக இறைத்துப் புதுநீர் நிரப்புக. வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டாதிருக்கட்டும். இறங்குமுன் சோதனைத் தாளை நனைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வீட்டில் முதியோர் இருப்பின் அந்நிமிடத்தை ஒருநாளும் தவிர்த்தல் கூடாது.