கூடும் குடிமக்களும்

மதுரைக்குத் தென்மேற்கே பசுமலையையும் திருப்பரங்குன்றத்தையும் சூழ்ந்த சமவெளி, கண்மாயும் கிணறும் பனையும் கொண்ட பூமி. இம்மூன்றையும் நம்பி வாழ்வது மனிதன் மாத்திரமன்று. நாட்டுப்புறப் பறவைகளும் இவற்றை அண்டியே கூடு கட்டுகின்றன. அவற்றைப்பற்றிக் கிராமவாசிகள் வழங்கிவரும் கதைகளைப் படித்தவர்கள் எள்ளி நகையாடுவது தகாது.

தூக்கணாங்குருவி மின்மினியைக் களிமண்ணில் பதித்து இரவில் கூட்டிற்கு விளக்கேற்றுகிறது என்பது ஒரு கதை. மின்மினி கற்பனையே, களிமண்ணோ உண்மை. பாதி முடிந்த கூட்டின் உட்புறத்தில் குருவி ஈரமண்ணை அப்புகிறது. காற்றில் கூடு மிகுதியாக ஆடாதிருக்க அது உதவுமென்று கருதுவோர் உண்டு. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்துப் பின்னுவது ஆண் குருவி. பெண் வந்து பார்த்துச் சம்மதித்த பின்னரே, நீண்ட வாயிற்குழாயுடன் கூடு பூர்த்தியாகிறது. பிறகு ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை அழைக்கும். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹீம் கிராமத்தில் பொறுமையுடன் கவனித்து இதை விளக்கியவர் நமது தேசத்தின் பறவை நிபுணர் ஸலீம் அலி.

வானம் இடிந்து விழுமென்று அஞ்சி, ஆள்காட்டி மல்லாந்து படுத்துக் காலால் அதைத் தாங்குகிறதாம்! அதன் கூட்டிற்குக் கூரையாக இருப்பது வானமே என்பதை எண்ணினால் இக்கதையின் நயம் விளங்கும். வெட்டவெளித் தரையில் சிறு பள்ளம் பறித்து, மண்ணின் நிறத்திலேயே மூன்று நான்கு முட்டைகள் இடுகிறது. கோடையில் வயிற்றுச் சிறகை நீரில் நனைத்துவந்து அவற்றைக் குளிர்விக்கிறது. அதன் முட்டைகளைப்பற்றி வினவத் தொடங்கி, வலையில் சிக்கிய தாயின் புலம்பலில் முடியும் நாடோடிப் பாட்டைக் கேட்டவன் அக்கூட்டைக் கலைக்க மனம் துணிவானா?

இத்தகைய பரிவு எதைச் சாதிக்கும் என்பதற்குச் சிவகங்கை ஜில்லாவிலுள்ள வேட்டங்குடியே சாட்சி. அங்குள்ள கண்மாய்கள் 1977-ல் சரணாலயமாயின. ஆயினும் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் பறவைகள் மிரளலாகாதென்று தீபாவளியிலும் வெடி வெடிக்காதிருப்பது எச்சட்டத்திற்கும் அஞ்சியன்று.

பனையை வெட்ட ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2021-ல் அறிவித்தது. நன்று. ஆனால் தூர்க்கப்படும் கிணற்றையும், மனையாக்கப்படும் தரிசையும், ஆக்கிரமிக்கப்படும் கண்மாயையும் காப்பது யார்? ஊர்ப் பொதுச் சொத்தைக் காக்க வேண்டியவர்கள் ஊராரே. அந்நிலம் போய்விட்டால் கூடும் போகும்; கூட்டைக் காணாத குழந்தைக்கு மின்மினிக் கதையும் விளங்காது.