ரேடியோ சிப் வாங்கும் முன் சரக்கைப் பாருங்கள்

கோவை ரங்கே கவுடர் வீதிக்கு மளிகைச் சரக்கு ஏற்றிவரும் லாரிகளின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் சீட்டை நாம் தினமும் பார்க்கிறோம். 2021 பிப்ரவரி நடுவில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயமானது முதல், கணியூரிலும் விஜயமங்கலத்திலும் வண்டியை நிறுத்திச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது. அந்தச் சீட்டுக்குள் இருப்பது கடுகைவிடச் சிறிய ஒரு சிப்பும், அதனோடு இணைந்த மெல்லிய உலோக ஆன்டெனாவும்தான். பாட்டரி கிடையாது. சாவடியிலுள்ள ரீடர் வீசும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது.

இதே சிப்பைச் சரக்கில் ஒட்டினால் குடோனில் மூட்டைகளைப் புரட்டாமலே இருப்பு எடுக்கலாம் என்று கருவி விற்பவர்கள் வணிகர்களைத் தேடி வருகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் எல்லாச் சரக்குக்கும் பொருந்தும் உண்மையுமல்ல. எந்தச் சிப், எந்த டேக் என்பதை நம் சரக்குதான் தீர்மானிக்க வேண்டும். விற்பவரின் கையிருப்பு தீர்மானிக்கக் கூடாது.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. 125 கிலோஹெர்ட்ஸ் வகை சில அங்குலத்தில் மட்டும் படிக்கும். 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையும் கிட்டத்தில் வைத்தால்தான் பேசும். இன்றைய பல செல்போன்களே இதைப் படித்துவிடும். மூன்றாவது ஃபாஸ்டேக் வகை. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் வேலை செய்வது. பல மீட்டர் தூரத்திலிருந்து ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படிப்பது இதுதான். ஆகவே இருப்பு எடுக்க மூன்றாவது வகையும், ஆள் வருகைக்கும் கதவுப் பூட்டுக்கும் முதல் இரண்டும் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

பூட்டு என்றதும் ஒரு எச்சரிக்கை. குடோன் கதவுக்கு 125 கிலோஹெர்ட்ஸ் சாதா அட்டை பொருத்தியிருப்பவர்கள் அதை நம்பி ஏலக்காய் மூட்டையை உள்ளே வைக்க வேண்டாம். அந்த அட்டை எண்ணை மட்டும் சொல்லும். மலிவான கருவியால் நிமிடத்தில் நகல் எடுத்துவிடலாம். 13.56 வகையில் மைஃபேர் கிளாசிக் என்ற பெயரில் வருவதும் அப்படித்தான். அதன் ரகசியப் பூட்டை 2008-லேயே நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். இன்னும் விற்கிறார்கள், விலை குறைவு என்பதால்! பீளமேட்டுப் பக்கம் படித்து முடித்த இளைஞர்களிடம் பூட்டு செய்யக் கொடுப்பவர்கள், டெஸ்ஃபயர் போன்ற ஏ.இ.எஸ். காப்புள்ள சிப் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி சரக்குக்கு வருவோம். இந்தத் தொலைதூர அலைக்குத் தண்ணீரும் ஆகாது, உலோகமும் ஆகாது. தண்ணீர் அலையை விழுங்கிவிடும். உலோகம் திருப்பி அடித்துவிடும். உலர்ந்த ஈரோட்டு மஞ்சள் மூட்டை, பருப்பு, சர்க்கரைச் சிப்பம் ஆகியவற்றில் தொல்லை குறைவு. பொள்ளாச்சித் தேங்காய் மூட்டைகளை அடுக்கி வைத்தால் நடுவிலுள்ள டேக்குகள் ஊமையாகிவிடும். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் பிளாஸ்டிக் பாக்கெட்டில் இருந்தால் அலை ஊடுருவும், ஏனெனில் எண்ணெய் தண்ணீரைப் போல அலையை விழுங்குவதில்லை. அதே எண்ணெய் தகர டின்னில் இருந்தால் சாதா டேக் உதவாது. உலோகத்துக்கென்றே செய்த தடித்த டேக் வேண்டும், அதன் விலையும் அதிகம். ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியில்தான் ஒட்ட வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. அதன் ஆன்டெனா கண்ணாடிக்கென்று அமைக்கப்பட்டது. சிப் ஒன்றாகவே இருந்தாலும் ஆன்டெனா மாறினால் பலன் மாறும்.

அமெரிக்காவின் வால்மார்ட் இந்தப் பாடத்தைப் பெருஞ்செலவில் படித்தது. 2005 ஜனவரி முதல் தன் முதல் 100 சப்ளையர்கள் பெட்டிகளிலும் பலகை அடுக்குகளிலும் டேக் ஒட்ட வேண்டும் என்று 2003-ல் அறிவித்தது. சப்ளையர்களுக்குச் செலவு மிஞ்சியது, லாபம் தெரியவில்லை, திட்டம் தளர்ந்தது. பிறகு அது வேரூன்றியது ஆயத்த ஆடையில். துணி அலையைத் தடுப்பதில்லை. ஒரே சட்டையில் பல அளவு, பல நிறம் என்பதால் இருப்பு எண்ணுவதும் பெரிய வேலை. இன்று திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும் பல சட்டைகளில் விலைச் சீட்டோடு சிப்பும் சேர்ந்தே போகிறது. எந்த டேக் என்பதை அங்கே வாங்குபவரே குறித்துக் கொடுக்கிறார். நமக்கு அப்படிக் குறித்துக் கொடுக்க யாருமில்லை.

சில்லறை மளிகைக்கு நம் கருத்து வெளிப்படையானது: 890 என்று தொடங்கும் பார்கோடே போதும். அச்சிடும் உறையிலேயே அது வந்துவிடுகிறது, தனிச் செலவில்லை. மலிவான டேக்கும் ஒன்று சில ரூபாய் ஆகும். உப்புப் பாக்கெட்டில் நமக்கு நிற்கும் லாபம் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்பின் தனிச்சிறப்பு வேறு. பார்கோடு பொருளின் இனத்தைச் சொல்லும். சிப் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி எண் தரும். வழக்கமான 96 பிட் எண்ணில் ஓர் இனத்துக்கே 27,000 கோடிக்கும் மேற்பட்ட தனி எண்கள் உண்டு. விலையுயர்ந்த மூட்டைக்கும், திரும்பத் திரும்பப் போய்வரும் பிளாஸ்டிக் கிரேட்டுக்கும் அது பயன்படும்.

நினைவு பெரிய சிப்தான் நல்லது என்று விற்பவர் சொன்னால் ஏமாற வேண்டாம். இம்பின்ஜ் மான்சா ஆர்6, என்எக்ஸ்பி யூகோட் 8 போன்ற பெயர்பெற்ற சிப்களில் பொருள் எண்ணைத் தவிர நாம் எழுத இடமே கிடையாது. லாட் எண்ணும் காலாவதித் தேதியும் கணினியில் இருந்தால் போதும்.

வண்டிச் சீட்டைப் பற்றி இன்னொன்று. 2021 ஜனவரி முதல் இ-வே பில்லோடு ஃபாஸ்டேக் விவரமும் இணைக்கப்பட்டுள்ளது. எந்த வண்டி எந்தச் சாவடியை எப்போது கடந்தது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். ஒரே பில்லில் இரண்டு நடை அடிக்கும் டிரைவரால் மாட்டிக்கொள்வது சரக்குக்காரரும்தான்.

ரீடர் வாங்குவோர் பெட்டியில் 865 என்று தொடங்கும் அலைவரிசை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 902 முதல் 928 வரை என்றிருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. இங்கே அந்த அலைவரிசையின் ஒரு பகுதியில் செல்போன்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. முன்பணம் தருவதற்கு முன் 50 டேக்கையும் ஒரு ரீடரையும் ஒரு வாரத்துக்குக் கேளுங்கள். நம் குடோனில், நம் மூட்டையில் ஒட்டி, வழக்கம்போல அடுக்கி, 50-க்கு எத்தனை படிக்கிறது என்று நம் கணக்குப்பிள்ளையே எண்ணட்டும்.