ஆணுறைக்கு ஓர் அறை, ஊசிக்கு ஓர் அறை

'ஹை ஃபன்' பற்றி எழுதித் தரச் சொன்னது ஆசிரியர் குழு. ஆண்களை ஆண்கள் தேடும் செயலிகளில் சிலர் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் சங்கேதம் அது. போதையோடு உறவுக்குத் தயார் என்று அர்த்தம். ஈ.சி.ஆர். பங்களா, வார இறுதிப் பார்ட்டி, வெளிநாட்டுச் சரக்கு என்று எழுதினால் அட்டைப்படத்துக்கு ஆகும்தான். ஆனால் வடசென்னையின் டோல்கேட் மெட்ரோவில் இறங்கி எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே பங்களா இல்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் ட்ரெய்லர் லாரிகள், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், அவற்றுக்கு நடுவே இருட்டு. சரக்கும் வெளிநாட்டுச் சரக்கில்லை. உடல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டி வாங்க வேண்டிய மாத்திரை.

'வலி நிவாரண மாத்திரைகளுடன் வாலிபர்கள் கைது' என்ற செய்தி இந்தப் பக்கத்து நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போனது. பெரும்பாலும் டேபென்டடால், சில சமயம் தூக்கத்துக்கான நைட்ரசெபாம். விழுங்குவதோடு நிற்பதில்லை, பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரை வயிற்றுக்குள் போகச் செய்யப்பட்டது. அதில் மருந்தோடு சேர்ந்திருக்கும் மாவும் டால்க்கும் ரத்தத்தில் கரையாது. நரம்பு அடைக்கும், கை வீங்கும், சீழ் வைக்கும், முற்றினால் விரலை எடுக்க வேண்டிவரும். கூடவே ஒரு குவார்ட்டரும் உள்ளே போயிருந்தால் மூச்சே நின்றுபோகலாம். வடசென்னைக்கு ஊசி புதிதல்ல. 90-களில் பிரவுன் சுகர் ஏற்றியவர்கள் பலர் பிறகு ப்யூப்ரெனார்ஃபினுக்கு மாறினார்கள். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேரை எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கொண்டுபோயின.

அந்த ஊசி வட்டத்தில் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களும் இருக்கிறார்கள். கோத்தி, பந்தி, டபுள் டெக்கர் என்று, உறவில் தங்கள் பங்கை வைத்துத் தங்களுக்குள் பெயர் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. எந்தப் பெயரும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. நிறைய பேருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. விஷயத்தில் இந்த ஊர் ஒன்றும் தூங்கிய ஊர் இல்லை. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்ததே சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். பேராசிரியர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ல் முதலில் பதிவானதும் தமிழ்நாட்டில். 1998-ல் சுனில் மேனன் தொடங்கிய 'சகோதரன்' அமைப்பு, போலீஸ் அடிக்குப் பயந்து பூங்காவிலும் கடற்கரையிலும் ஒளிந்து பழகிய ஆண்களிடம் ஆணுறையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரிய வேலை அது.

அந்த வேலை வளர்ந்த விதத்தில்தான் எனக்கு ஒரு குறை. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு ஒரு திட்டம், ஊசி போடுகிறவர்களுக்கு வேறொரு திட்டம், லாரி ஓட்டுநர்களுக்கு இன்னொன்று. ஆளுக்கொரு அலுவலகம், ஆளுக்கொரு பதிவேடு. முதல் அறையில் ஆணுறை கிடைக்கும். ஊசி போடுகிறேன் என்று அங்கே சொல்ல வெட்கம். இரண்டாவது அறையில் புது ஊசி கிடைக்கும். ஆண்களிடம் போகிறேன் என்று அங்கே சொல்லப் பயம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தெருக்காரன். இரண்டும் உள்ளவன் எந்த அறைக்குப் போனாலும் பாதி ஆள்தான். 2021 கண்காணிப்புக் கணக்கெடுப்பின்படி, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் 3.26 சதவிகிதம் பேருக்கு எச்.ஐ.வி.; ஊசியில் போதை ஏற்றுவோரில் 9.03. பொதுமக்களிடையே இது 0.2 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டு ஆபத்தும் ஒரே உடம்பில் சேர்ந்தவனை எந்தக் கணக்கில் வைப்பது?

ஆணுறைப் பாடமும் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பது தனிக் கதை. ஆணுறை இருக்கும், வழுக்குக் களிம்பு இருக்காது. கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தடவுவார்கள். எண்ணெய் பட்ட லேடெக்ஸ் சில நிமிடங்களிலேயே பலமிழந்து கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல் அதற்குச் சரி. போதையில் இருப்பவனுக்கு ஆணுறை கிழிந்ததே தெரிவதில்லை.

'ஐஸ்' என்கிற மெத்தாம்பெட்டமைனும் மெல்ல வடசென்னைக்கு வருகிறது. தூக்கம் போய்விடும், பசி போய்விடும், உறவு மணிக்கணக்கில் நீளும். சவ்வு உராய்ந்து கிழியும், வலி தெரியாது. எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்து வேளையைத் தவறவிடுவார். இரண்டாம் கட்டக் கூட்டு மருந்துகள் சிலவற்றில் உள்ள ரிட்டோனாவிர், வயாகராவை ரத்தத்தில் பல மடங்கு தங்கவைக்கும்; ஐஸின் அளவையும் கூட்டக்கூடும். வயாகராவோடு, முகரும் போதைத் திரவமான பாப்பர்ஸையும் முகர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாகச் சரியும்.

எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவர் உறவின் மூலம் யாருக்கும் தொற்றைத் தர மாட்டார். இது உறுதியான அறிவியல். ஆனால் அந்த உறுதி உறவுக்கு மட்டும்தான். ஊசியை மாற்றிப் போடுவதற்கு அதே வாக்குறுதியை எந்த மருத்துவரும் தருவதில்லை. தொற்று வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் 'ப்ரெப்' மாத்திரையும் ஹெபடைடிஸ் சி-யைத் தடுக்காது. அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. 12 வார மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். ஆனால் பரிசோதித்தால்தானே தெரியும்?

லண்டன் சோஹோவில் 56 டீன் ஸ்ட்ரீட் என்றொரு பாலியல் நல மருத்துவமனை. 2022-ல் காலமான டேவிட் ஸ்டூவர்ட் என்ற ஆலோசகர் அங்கே போதையையும் உறவையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்தவரிடமே, போன வாரம் என்ன ஏற்றிக்கொண்டாய் என்று திட்டாமல் கேட்கலாம் என்று காட்டியவர் அவர். நமக்கு அந்தக் கட்டடம் வேண்டாம், அந்தக் கேள்வி போதும்.

இதையெல்லாம் விளக்கினால் பையன்கள் இன்னும் கெட்டுப்போவார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவை இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. நான்கே நாளில், செப்டம்பர் 10 அன்று, எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. தொற்றைக் குறைப்பதற்காக ஆணுறை, புது ஊசி, ஊசிக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கும் மாற்று மாத்திரை கொடுப்பது குற்றமே அல்ல என்று அதில் எழுதியிருக்கிறது. நோயாளியின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதைத்தான் அது பொதுவாகத் தடுக்கிறது.

ஆகவே இரண்டு அறைக்கும் நடுவிலிருக்கும் சுவரை உடையுங்கள் என்பதே திட்டம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது. ஆணுறை கொடுப்பவரின் பையில் புது ஊசியும், ஊசி கொடுப்பவரின் பையில் ஆணுறையும் ஜெல்லும் இருக்கட்டும்.

படிப்பவருக்கு ஒன்று. ஆணுறை கிழிந்ததோ, ஊசி கை மாறியதோ, வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் எச்.ஐ.வி.யைத் தடுக்க வழியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு நடந்ததென்றால் திங்கள் இரவோடு கெடு முடிகிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையம் இருக்கிறது, ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயேதான். நேரில் போகத் தயக்கமென்றால் 1097-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.