இம்பிளாண்டை ஈறு பற்றிக்கொள்ள என்ன வழி?

தாடையில் பொருத்தும் டைட்டானியம் இம்பிளாண்ட் இரண்டு இடங்களில் பிடித்தாக வேண்டும்: கீழே எலும்பு, மேலே ஈறு. எலும்புப் பிடிப்புக்கு வழி கிடைத்து வெகுகாலம் ஆகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் காலெலும்பில் பதித்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போவதை 1950-களில் கண்டார். 1965-ல் முதல் நோயாளிக்கு இம்பிளாண்ட் வைத்தார். ஈறுப் பிடிப்புதான் இன்னும் முழுதாகக் கைகூடவில்லை.

இடுப்பு, முழங்காலில் பொருத்தும் செயற்கை மூட்டுகள் தோலுக்கு உள்ளேயே அடங்கிவிடுகின்றன. அறுவைப் புண் ஆறியதும் வெளிக் கிருமிகள் நுழைய வாசல் இல்லை. பல் இம்பிளாண்டுக்கு அந்த வசதி கிடையாது. அடிப்பகுதி எலும்பில் இருக்க, மேற்பகுதி ஈறைத் துளைத்துக்கொண்டு வாய்க்குள் நிற்கிறது. அந்தத் துளையை அடைத்துக் காப்பது சில மில்லிமீட்டர் ஈறு மட்டுமே.

இயற்கைப் பல்லின் வேரைச் சிமென்டம் என்ற மெல்லிய அடுக்கு போர்த்தியிருக்கிறது. ஈறின் கொலாஜன் இழைகள் அதற்குள் குறுக்காகப் புகுந்து ஊன்றிக்கொள்கின்றன. இம்பிளாண்டில் சிமென்டம் இல்லை. அதனால் இழைகள் உலோகத்துக்கு இணையாகவோ அதைச் சுற்றியோ ஓடுகின்றன. மணிக்கட்டில் வளையல் கிடப்பது போல, சுற்றி இருந்தாலும் ஒட்டியிருப்பதில்லை. ரத்த ஓட்டமும் குறைவு. பற்படலத்துக் கிருமிகள் அந்த இடுக்கில் இறங்கினால் முதலில் ஈறு வீங்கி ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் நன்கு சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் சுற்றியுள்ள எலும்பு கரையத் தொடங்கும், இதுவே பெரி-இம்பிளாண்டைட்டிஸ்.

பிடிப்பைக் கூட்டும் முயற்சிகளில் முதலாவது உலோகப் பரப்பைத் திருத்துவது. ஈறைத் தொடுவது பெரும்பாலும் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு. அதைச் சொரசொரப்பாக்கினால் கிருமிகளும் சேர்ந்து ஒட்டும். பளபளவென்று மெருகேற்றினால் ஈறுக்குப் பிடிமானம் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே கண்ட வழி, லேசரால் 8 முதல் 12 மைக்ரான் அளவில் நுண்வரிகள் கீறுவது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் இந்த அளவு. இழை நெய்யும் செல்கள் வரிகளின் போக்கில் அணிவகுக்கின்றன; மேல்தோல் செல்கள் கீழே வழுக்கி இறங்குவது தடைபடுகிறது. மனிதத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த சில ஆய்வுகளில், இழைகள் உலோகத்தில் குறுக்காகப் பற்றியிருப்பதும் தெரிந்தது.

இரண்டாவது, பரப்பின் வேதியியல். டைட்டானியம் காற்றில் இருக்க இருக்க அதன்மேல் கார்பன் சேர்மங்கள் படிகின்றன. புற ஊதாக் கதிரோ பிளாஸ்மாவோ செலுத்தினால் அவை நீங்கி, பரப்பு நீரை ஈர்க்கும். செல்களும் எளிதில் ஒட்டும். லாமினின் போன்ற ஒட்டுப் புரதங்களின் துணுக்குகளைப் பூசும் முயற்சி பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கிறது.

மூன்றாவது, மருத்துவரின் கைவேலை. அபட்மென்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஒட்டிய ஈறு கிழிகிறது. எனவே கடைசிவரை இருக்க வேண்டிய துண்டை முதலிலேயே பொருத்திவிடுவது ஒரு முறை. ஈறு மெலிந்திருந்தால் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டிக் கனமாக்குவார்கள். இம்பிளாண்டைச் சுற்றி உறுதியான ஈறு 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பல் துலக்கும்போது வலிக்கும். அழுக்கும் எளிதில் சேரும்.

இவை எல்லாம் அமைந்தாலும், புகைபிடிப்பவர்களுக்கும் இனிப்புநீர் கட்டுப்படாதவர்களுக்கும் ஆபத்து அதிகம். மலேசிய இந்தியரிடையே இனிப்புநீர் மிகுதியாக இருப்பதால், இம்பிளாண்ட் வைக்கும் முன் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது அவசியம். வைத்த பிறகு பல்லிடுக்குத் தூரிகையால் தினமும் சுத்தம் செய்து, குறித்த இடைவெளியில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பு கரைவது பெரும்பாலும் வலி தராது என்பதால், ரத்தக் கசிவைக் கண்டதுமே சிகிச்சைக்குச் செல்வது நல்லது.