உடைந்த தட்டு சொன்ன வயது

இத்தாலிய நகரம் ஒன்றின் சிவப்பு மண்பாண்டம் தென்னிந்திய வரலாற்றுக்கு ஆண்டுக் கணக்கு தந்த கதை

யஷ்வந்த்பூர் ரயில் நிலையத்தில் இறங்கும் பயணிகளுக்கு ரோம் நினைவுக்கு வர நியாயமில்லை. ஆனால் பெங்களூரின் இந்தப் பகுதியில் 1891-ல் 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய பேரரசர்களின் முகம் பொறித்தவை. கடல் கடந்து வந்த பணம் கரையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அவை சாட்சி.

என்றாலும் காலத்தைக் கணிக்க காசை முழுதாக நம்ப முடியாது. அடித்து நூறு ஆண்டு கழிந்தாலும் வெள்ளி வெள்ளிதான். யாரும், எப்போதும் புதைத்து வைக்கலாம். சாப்பிடும் தட்டு அப்படியல்ல. உடைந்ததும் குப்பைக்குப் போய்விடும். தொல்லியலாளர்கள் ஓட்டாஞ்சல்லியைத் தேடி அலைவது அதனால்தான்.

அப்படிப்பட்ட தட்டுகளுக்குப் பேர்போன ஊர் இத்தாலியின் அரெஸ்ஸோ. ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அர்ரேடியம். அவர்கள் கட்டிய வட்டரங்கின் சிதிலம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கற்களில் பெரும்பகுதியைப் பிற்காலத்தவர் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சத்தின் மீது எழும்பிய துறவியர் மடம் இன்று அருங்காட்சியகம். உள்ளே பளபளக்கும் சிவப்புத் தட்டுகள், கிண்ணங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூர்ப் பட்டறைகள் இவற்றைச் செய்து, பட்டறைக்காரர் பெயரை முத்திரையிட்டு, தூரதேசங்களுக்கு அனுப்பின.

அந்த வகைத் தட்டின் துண்டுகள் புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மண்ணுக்கடியிலிருந்து வந்தன. தோண்டியவர் அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர். அந்தத் துண்டுகள் எல்லாமே அரெஸ்ஸோவில் செய்தவை அல்ல, பிற ஊர்ப் பட்டறைகளின் சரக்கும் கலந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அவற்றின் காலத்தில் பெரிய சந்தேகமில்லை. உடன் கிடைத்த உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கும் அதனால் வயது கிடைத்தது.

இதன் பலன் கர்நாடகத்துக்குப் போனது. சித்ரதுர்கா மாவட்டத்தில், அசோகர் கல்வெட்டு உள்ள பிரம்மகிரியில் வீலர் 1947-ல் தோண்டினார். மேலடுக்கில் அரிக்கமேட்டில் பார்த்த அதே ரகப் பானை ஓடு. அதைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த பெருங்கற்கால அடுக்குகளின் காலத்தையும் அவரால் மதிப்பிட முடிந்தது.

வீலர் சொன்னது எல்லாம் நிலைக்கவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அரிக்கமேட்டில் நடத்திய ஆய்வுகள், ரோமானியச் சரக்கு வந்து இறங்கும் முன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டின. தமிழ் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகளும் கிடைத்தன. அது ரோமானியர் நிறுவிய ஊர் அல்ல; ரோமானியர் தேடி வந்த ஊர்.

இன்று அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். அங்கே நிற்கும் செங்கல் சுவர்களைக் கண்டு ரோமானியர் கட்டியது என்று நினைப்பவர்கள் உண்டு. அவை 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்களின் குருமடமாக இருந்த கட்டிடத்தின் மிச்சம். அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. பார்க்க வேண்டியது மேட்டின் மீது இல்லை, மேட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே அரிக்கமேட்டில் காப்பாற்ற வேண்டியது கட்டிடத்தை விட முக்கியமாக மண்ணைத்தான். அங்கே பழைய சுவர்களின் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் உண்டு; அரெஸ்ஸோவில் கல்லை எடுத்தவர்களைப் போலத்தான். ஆனால் வட்டரங்கில் கல் போனாலும் வடிவம் மிஞ்சியது. மண்ணடுக்கு கலைந்தால் எதுவும் மிஞ்சாது. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஓடு பேசுகிறது. நினைவுக்காக ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகும் துண்டு, வீட்டு அலமாரியில் வெறும் ஓட்டாஞ்சல்லிதான்.