பாலத்தடியில் நின்றுபோகும் பாதை

கொழும்புக் கால்வாய்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. மழை இல்லாத மாதங்களில் வெள்ளவத்தைக் கால்வாயின் வாசனை காலி வீதிப் பாலத்துக்கு வருமுன்பே நம்மை வரவேற்றுவிடும். ஆனாலும் அந்தக் கால்வாயின் ஓரத்தில் நடப்பதற்கென்று போடப்பட்டிருக்கும் பாதைகளைப் பற்றியும், அவை ஏன் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் கால்வாய் எதற்காக என்று பார்ப்போம். கொழும்பு தட்டையான ஊர். கடல் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த நிலம். மழைநீர் வேகமாகக் கடலுக்கு ஓடிப்போகச் சரிவு இல்லை. அதனால் கோட்டே, கொலன்னாவை போன்ற இடங்களின் சதுப்பு நிலங்கள் மழையை வாங்கித் தேக்கி வைத்துக்கொள்ள, கால்வாய்கள் அதை மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. வடக்கே ஒரு பகுதி களனி கங்கைக்குப் போகிறது. தெற்கே கிருலப்பனைக் கால்வாய் இரண்டாகப் பிரிந்து, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் படகுப் போக்குவரத்துக்குப் பயன்பட்ட கால்வாய்கள் இன்று நகரத்தின் வடிகால்கள். 2018 இல் ரம்சார் சமவாயம் உலகில் முதன்முதலாகப் 18 நகரங்களை ‘ஈரநில நகரங்கள்’ என்று அங்கீகரித்தபோது அதில் கொழும்பும் இருந்தது. புவியியல் பாடத்தில் இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும்.

2010 நவம்பரில் பெய்த ஒரு இரவு மழைக்குப் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகு 2012 இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்பு மாநகர நகர அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமானது. கால்வாய்களை ஆழமாக்கி, கரைகளைப் பலப்படுத்துவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பல இடங்களில் கரையோரம் கம்பி வலைக் கூடுகளில் கருங்கல் நிரப்பி அடுக்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சீமெந்துச் சுவர் கட்டினால் அழகாக இருக்குமே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னாலுள்ள மண் நீரைக் குடித்துப் பாரமாகிச் சுவரைத் தள்ளும். கல் இடுக்குகள் அந்த நீரைக் கால்வாய்க்குள் கசியவிட்டு விடுகின்றன. சுவர் தப்பிக்கிறது.

பாதைக்கு வருவோம். கால்வாயைத் துப்புரவாக்க வருடா வருடம் பெக்கோ இயந்திரம் வந்து சேற்றையும் சல்வினியாவையும் அள்ள வேண்டும். அது நகர்ந்து போகக் கரையில் ஒரு கீற்று நிலம் வெறுமையாக விடப்பட வேண்டும். அப்படி விடப்பட்ட ஒதுக்கு நிலத்தில் கல் பதித்து, விளக்குப் போட்டால் அதுவே நடைபாதை. ஆக, நடப்பவர்களும் பெக்கோவும் ஒரே பாதையைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். நான் இதை நல்ல ஏற்பாடென்றே நினைக்கிறேன். ஆட்கள் நடமாடும் கீற்றில் யாரும் இரவோடு இரவாகக் கொட்டகை போட்டு அடைப்பது கடினம், பெக்கோ வர வேண்டிய கீற்றில் யாரும் கடை கட்டவும் முடியாது.

பிரச்சினை என்னவென்றால், பாதைகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒரு துண்டில் காலையில் சுபஹ் தொழுதுவிட்டு உம்மாமார் நடப்பார்கள். பெரும்பாலும் சீனி வியாதிக்கு டொக்டர் சொன்ன நடை. அந்தம் வரை போவார்கள், திரும்புவார்கள், மறுபடி அந்தம், மறுபடி திரும்பல். தேகப்பியாசத்துக்கு இது போதும். ஆனால் பாதை என்றால் அது ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா?

எனக்கு இது வெறும் கட்டுரைப் பொருள் இல்லை. என் பிரத்தியேக வகுப்பு ஹவ்லொக் வீதிப் பக்கம். வீட்டிலிருந்து கால்வாயோரமாகவே போக முடிந்தால் இருபது நிமிட நடைதான். பிரதான வீதியால் தனியே நடந்து போக வாப்பா விடமாட்டார். பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் நடைபாதைக்கு மேலேயே ஏறுவதைப் பார்த்தவர் அவர், நான் குறை சொல்ல மாட்டேன். ஆகவே முச்சக்கர வண்டி. 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்ட மாதங்களில் அந்தக் கட்டணம் ஏறியபோது ஒரு பாடத்தை நிறுத்தலாமா என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. அப்போது நாட்டில் எத்தனையோ பேர் நடந்தும் சைக்கிளிலும்தான் வேலைக்குப் போனார்கள். ஒரு தொடர்பாதை இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகளின் வகுப்பு நின்றிருக்காது என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

பாதையை நீட்டுவதென்றால் இன்னும் கொஞ்சம் கல் பதிப்பதுதானே என்று தோன்றும். கரை உள்ள இடத்தில் அப்படித்தான். சிக்கல் வருவது பாலத்தடியில். வெள்ளவத்தைக் கால்வாய் கடலை அடைவதற்குள் ஹவ்லொக் வீதி, காலி வீதி, மெரின் டிரைவ், புகையிரதப் பாதை எல்லாவற்றையும் கடக்க வேண்டியிருக்கிறது. பாலம் கட்டும்போது கால்வாயின் அகலத்துக்கு மட்டுமே இடம் விட்டிருப்பார்கள், கரைக்கு இல்லை. பாலத்தின் கீழே பாதையை நுழைக்க வேண்டுமென்றால் தண்ணீரின் இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்றால் பின்னால் வாகனங்கள் சேர்வதைப் போல, இடுக்கில் மாட்டிய வெள்ளம் பின்னால் ஏறும். தூண் நட்டால் அதில் போத்தலும் குப்பையும் சிக்கி இன்னும் அடைக்கும். நாங்கள் நடப்பதற்காக மேலே உள்ளவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் போவது நியாயமில்லை.

இதற்கு ஒரு வழி, வெள்ளத்தில் மூழ்கினாலும் பரவாயில்லை என்று தாழ்வாகவே பாதையைப் போடுவது. சிங்கப்பூரில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீற்றர் நீளமான சீமெந்துக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீற்றர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012 இல் திறந்தார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் கரையில் விளையாடுவார்கள். மழை கனத்தால் எச்சரிக்கை விளக்கும் சைரனும் ஆட்களை மேலே அனுப்பிவிடும், கரை முழுவதும் ஆறாகிவிடும். அந்நாட்டில் பூங்காக்களை இணைக்கும் பாதைகள் 300 கிலோமீற்றருக்கும் மேல் இருக்கின்றன, கணிசமானவை கால்வாய் ஓரங்களில்தான்.

இன்னொரு வழி மேம்பாலம். அதை நான் விரும்பவில்லை. படி ஏறி இறங்க முழங்கால் வலிக்காரர் எவரும் வரமாட்டார், சக்கர நாற்காலிக்கோ சாய்தளம் வேண்டும். ஒரு மீற்றர் ஏறப் பன்னிரண்டு மீற்றர் நீளச் சாய்வு என்பது பொதுவான கணக்கு. அவ்வளவு நீளத்துக்குக் காலி வீதியில் எங்கே இடம்? பாலத்தோடு ஒட்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கோடும், பொத்தானை அழுத்தினால் வாகனத்தை நிறுத்தும் சமிக்ஞை விளக்கும் போட்டால் செலவு மிகக் குறைவு. வாகனம் ஓட்டுபவர்கள் நிறுத்துவார்களா என்பது வேறு கதை.

பெண்கள் நடப்பார்களா என்பதைத் தீர்மானிப்பது சின்னச் சின்ன விடயங்கள்தான். விளக்கு தண்ணீரை அல்ல, பாதையைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் ஆளுயர மதில் என்று நீண்டுபோகும் இடத்தில் பட்டப்பகலிலும் எனக்கு நடக்கப் பிடிக்காது, நடுவில் விலகிப் போக ஒழுங்கை இல்லையே. அடிக்கடி ஊருக்குள் திரும்பும் வழி இருந்தால், வீட்டு யன்னல்கள் பாதையைப் பார்த்திருந்தால் பயம் பாதியாகிவிடும். ஒரு சக்கர நாற்காலியும் எதிரே வரும் இன்னொன்றும் விலக 1.8 மீற்றர் அகலம் வேண்டும். அறிவித்தல் பலகையில் தமிழைப் பிழையில்லாமல் எழுதினால் அதுவும் ஒரு பெரிய உபகாரம்.

சிங்கப்பூரை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கால்வாய்க் கரைகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தலைமுறையாக இருந்தும் கையில் உறுதி இல்லாத குடும்பங்கள் பல. கரையில் வேலை வரும்போதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் நெஞ்சு படபடக்கும். அப்படியொரு வீட்டில் வளர்ந்த தோழி ஒருத்தியிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். “உங்களுக்கு நடக்க வேணும் எண்டா நாங்க எழும்ப வேணுமா?” என்று கேட்டாள். மாடிக் குடியிருப்பில் வீடு கொடுப்பார்களே என்றேன். “ஒம்பதாம் மாடியில வாப்பாட தள்ளுவண்டிய எங்க விடுறது?” என்றாள். அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை.

அவள் கேட்டதை வைத்துக்கொண்டு கரையைத் திரும்பப் பார்த்தேன். கால்வாய்க்குக் கரை இரண்டு. வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் பாதையை எதிர்க்கரைக்கு மாற்றலாம், மாற்றுவதற்கு ஒரு சிறு நடைப்பாலம் போதும். இரண்டு கரையும் நெருக்கமாக இருந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் பாதை ஒழுங்கைக்குள் புகுந்து வெளியே வரட்டும், நேராகத்தான் ஓட வேண்டும் என்று சட்டமா? வீடுகளை எடுக்காமல், அவற்றின் பின்பக்கப் படலையைப் பாதைப் பக்கம் திறக்க விட்டால் விடியற்காலையில் நடப்பவர்களுக்கு இலைக்கஞ்சி விற்க யாராவது வருவார்கள். என் தோழியின் வாப்பாவின் தள்ளுவண்டியும் அங்கேயே நிற்கும். மாலையில் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு அந்தத் திறந்த படலையின் வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் இருக்கும்.