கிட்டங்கி முதல் கோட்டை வரை – 7: பாதிக் கட்டடம்

சென்ற வாரம் பினாங்குத் தெருவில், செட்டியார்களின் கிட்டங்கிகளில் நின்றோம். அங்கிருந்து கடலைப் பார்க்க நடந்து, லைட் தெருவில் இடப்பக்கம் திரும்பினால் ஃபார்குவார் தெரு. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைத் தாண்டியதும் பினாங்கு மாநில அருங்காட்சியகம்.

நாம் பார்ப்பது பாதிக் கட்டடம்தான். 1896இல் ஒரு பகுதி, 1906இல் மறுபகுதி என இரண்டு தவணையாக எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஒரு பாதி போயிற்று. 1965இல் அருங்காட்சியகம் குடிவந்தது, மிஞ்சிய பாதியில்.

அதற்கு முன் அது பள்ளிக்கூடம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். பெயரைக் கேட்டதும் சம்பளம் வாங்காத பள்ளி என்று நினைக்கத் தோன்றும். இனம், மதம் பாராமல் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் திறந்த பள்ளி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்ற பாதிரியார் 1816 அக்டோபர் 21 அன்று அதைத் தொடங்கினார். ஃபார்குவார் தெருவுக்கு 1821இல் வந்தது.

தமிழர்கள் இந்த வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மலேசியாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்று நாம் சொல்வது, இந்தப் பள்ளியில் 1816இல் நடந்த தமிழ் வகுப்பைத்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, துறைமுக நகரத்துப் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் அரிச்சுவடி படித்தார்கள். அந்த வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் 2016இல் நாடெங்கும் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டுகளைக் கொண்டாடியபோது, கணக்கு இங்கிருந்துதான் தொடங்கியது. பட்டணத்தில் பிறந்தது நம் தமிழ்க் கல்வி. தோட்டத்தை மட்டுமே சொல்லிச் சொல்லி இதை மறந்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1920இல் அரசு இந்தப் பள்ளியை ஏற்றது. 1928இல் பள்ளி கிரீன் லேனுக்குப் போனது. ஃபார்குவார் தெருக் காலத்து மாணவர்களில் இருவரைச் சொல்லாமல் நகர முடியாது. மஞ்சூரியாவில் 1910–11இல் பரவிய கொள்ளைநோயைத் துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தோடு எதிர்த்து நின்ற மருத்துவர் வூ லியன் டே ஒருவர். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மற்றவர்.

அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வம் கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் எண்ணெய் ஓவியங்கள். 200 ஆண்டுக்கு முந்தைய பினாங்கின் மலையும் கடலும் அவற்றில் இருக்கின்றன. பக்கத்துத் தேவாலயம் 1818இல் எழுந்தபோது வேலையைப் பார்த்த பொறியாளரும் இதே ஸ்மித்தான். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள்.

அந்த ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே 1816ஆம் ஆண்டின் தமிழ் வகுப்புக்கும் ஒரு முழுச் சுவர் வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து அதன் முன் உட்கார வைக்க வேண்டும்.

அடுத்த வாரம், அந்தக் கைதிகள் எழுப்பிய தேவாலயத்துக்குள் போவோம்.

(தொடரும்)